டாங்கிளா, செல்போனா, வண்டியிலேயே கணக்குப் போடும் பெட்டியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இளநீர் ஏற்றும் பிக்கப் வண்டிகள் மூன்று மச்சானிடம் உண்டு. பாதி வழியில் நிற்பதற்கு முன்பே கோளாறைச் சொல்லும் கருவி வேண்டும், ஆனால் டிரைவர்களை வேவு பார்க்கக் கூடாது என்றார். அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சிக்கலே.

முதலில் ஓபிடி டாங்கிள், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தரவைப் படிக்கும் சின்னக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் சுழற்சி, வேகம், கூலன்ட் சூடு, கோளாறு எண்கள் எல்லாம் கிடைக்கும். இன்ஜின் விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் வீல் பேரிங் முனகுவதோ, பிரேக் ஷூ தேய்வதோ இதற்குத் தெரியாது. “ஜிபிஎஸ் இல்லாத மாடல், பயமே வேண்டாம்” என்றார் கடைக்காரர். அங்கேதான் எனக்கு இடித்தது. புறப்பட்ட இடமும் வேகமும் தெரிந்தால், எங்கே மெதுவானது, எங்கே நின்றது என்று சாலை வரைபடத்தோடு பொருத்திப் போன வழியை ஊகிக்கலாம் என்று ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2014இல் காட்டியது. கோபாலபுரம் வழியாகப் போகிறவருக்கு மாற்றுப் பாதையே சில, ஊகம் இன்னும் சுலபம். 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 15 பேரை ஒரே காரை ஓட்ட வைத்தார்கள். பிரேக் மிதியின் தரவு கால் மணி நேரத்துக்குக் கிடைத்தாலே, ஓட்டியது யாரென்று பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்ல முடிந்தது. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும்!

அடுத்தது செல்போன். அதிர்வை வைத்தே சக்கரம் பேலன்ஸ் தப்பியிருப்பதைக் கண்டுபிடிக்கும் முறையை அமெரிக்காவின் எம்ஐடியில் செய்து பார்த்திருக்கிறார்கள். டாங்கிள் கோட்டைவிடும் இடத்தில் இது கெட்டிக்காரன், செலவும் இல்லை. ஆனால் ஒரு நாள் ஸ்டாண்டில், மறுநாள் சட்டைப் பையில் இருந்தால் அளவு எப்படி ஒத்துப்போகும்? அதைவிட, போன் டிரைவருடையது, வேலை முடிந்ததும் அவரோடு வீட்டுக்குப் போகும். ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும் காற்றழுத்தம் போன்ற மற்ற சென்சார்களை வைத்து ஆளைப் பின்தொடரலாம் என்று 2017இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். (நம் பக்கம் சமவெளிதான், அழுத்தம் அவ்வளவாக மாறாது. நெல்லியாம்பதி மலை ஏறினால் கதை வேறு.)

மூன்றாவது, வண்டிக்குள்ளேயே கணக்குப் போட்டு, “கூலன்ட் சரியில்லை, பார்” என்று முடிவை மட்டும் அனுப்பும் பெட்டி. விலை கூடுதல். ஒவ்வொரு வண்டியின் இயல்பையும் பழக வேண்டும், அதுவரை பொய் எச்சரிக்கை வரும். அப்போது பழைய தரவு இல்லாவிட்டால் மெக்கானிக் திணறுவார். அதனால் கடைசி ஒரு வாரத் தரவு மட்டும் வண்டியிலிருக்கும் மெமரி கார்டில் இருக்கட்டும், ஒர்க்‌ஷாப்பில் டிரைவர் கண்ணெதிரே திறக்கட்டும் என்றேன். என் ஓட்டு இதற்குத்தான்.

மச்சான் புது வண்டிக்கு மட்டும் இதை மாட்டச் சம்மதித்தார். பழைய இரண்டுக்கும் இப்போதைக்கு மெக்கானிக் அண்ணனின் காதுதான்.