பார்ட்டிஷன் எச்சரிக்கை: எஃப்டிஸ்க்கை நம்புவதா, பார்ட்டட்டை நம்புவதா?

லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் கருவிகள் எஃப்டிஸ்க்கும் பார்ட்டட்டும்; இரண்டில் எது ஒன்றும் போதும். 2 டிபியைத் தாண்டினால் ஜிபிடி அட்டவணை (பார்ட்டிஷன்களின் இடங்களைக் குறித்துவைக்கும் புதிய முறை) வேண்டும். 2013 முதல் எஃப்டிஸ்க்கும் அதைப் போடுகிறது. எஃப்டிஸ்க்கில் 'டபிள்யூ' (எழுது என்ற கட்டளை) கொடுக்கும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. பார்ட்டட்டோ ஒவ்வொரு கட்டளையையும் அப்போதைக்கப்போதே எழுதிவிடும். புது டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டிப் பிரிப்பவருக்கு நான் எஃப்டிஸ்க்கையே சொல்வேன். முக்கியக் காரணம், அது தரும் எச்சரிக்கை.

இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளே 4096 பைட் செக்டர் (டிஸ்க் ஒரே தடவையில் எழுதும் மிகச் சிறிய துண்டு) கொண்டவை; வெளியே 512 என்று காட்டிக்கொள்ளும். பார்ட்டிஷன் தொடங்கும் செக்டர் எண் (512 பைட் கணக்கில்) 8 ஆல் வகுபடாவிட்டால், 4096 பைட் எழுதும்போது உள்ளே இரண்டு செக்டர்களைப் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டியிருக்கும். எழுதும் வேகம் அங்கேதான் விழுகிறது. பழைய டாஸ் வழக்கப்படி 63இல் தொடங்கினால் இந்தச் சிக்கல் வரும். 2048இல் தொடங்கினால் வராது.

'செக்டர் எல்லையில் தொடங்கவில்லை' என்று எஃப்டிஸ்க் சொன்னால், அது இந்த 4096 கணக்கைப் பார்த்துச் சொல்வது. எண்ணை மாற்றியே ஆக வேண்டும். பார்ட்டட்டின் 'சரியாக அமையவில்லை' எச்சரிக்கை, டிஸ்க் தனக்கு உகந்ததாக அறிவிக்கும் அளவையும் சேர்த்துப் பார்க்கிறது. சில யுஎஸ்பி பெட்டிகள் அந்த அளவை 33553920 பைட், அதாவது 65535 செக்டர், என்று அறிவிக்கும். அப்போது சரியான 2048க்கும் பார்ட்டட் எச்சரிக்கக்கூடும். எச்சரிக்கை போகட்டும் என்று 65535க்கு நகர்த்தினால், அது 8 ஆல் வகுபடாத எண்; இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும். பழைய எஃப்டிஸ்க் பதிப்புகளும் இதே 65535ஐ முன்வைத்ததுண்டு. எதில் செய்தாலும் தொடக்க எண்ணை 2048 என்று நீங்களே அடியுங்கள். பார்ட்டட் எச்சரித்தால் 'இக்னோர்' கொடுக்கலாம்.

பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அடுக்கில் அந்த உகந்த அளவு பெரும்பாலும் மெய்யானது. அங்கே பார்ட்டட்டின் பேச்சுக்கு மதிப்புண்டு.

எஃப்டிஸ்க்கின் இன்னொரு கேள்வியிலும் கவனம் வேண்டும். பழைய பார்ட்டிஷனைப் பெரிதாக்க, அழித்து அதே தொடக்கத்தில் மறுபடி போடும்போது, 'இஎக்ஸ்டி4 கையொப்பம் இருக்கிறது, நீக்கவா?' என்று கேட்கும்; அந்தக் கையொப்பம், உள்ளிருக்கும் கோப்பு முறையின் அடையாளம். உள்ளே தரவு இருந்தால் 'என்' (வேண்டாம்) என்றே பதில் சொல்லுங்கள்.