"பிளான் ஃப்ரீ" என்று சொல்பவரிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

வடசென்னையில் கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடி பக்கம் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

என் அம்மாவின் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையில் வீடு கட்ட ஒருவர் வந்தார். விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'ஆர்க்கிடெக்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "பிளான் ஃப்ரீம்மா, அப்ரூவலும் நானே வாங்கித் தர்றேன், சதுர அடி ரேட் மட்டும் பேசிக்கலாம்" என்றார். செல்போனில் கலர் கலராக வீட்டுப் படம் காட்டினார். அம்மா நம்பினார்.

தளம் போட்டு முடித்ததும் அடுத்த தவணைக் கடனுக்காக பேங்க் இன்ஜினியர் பார்க்க வந்தார். அப்ரூவல் பிளானில் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டிருக்கிறது. கட்டியதிலோ ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டை ஒட்டி நிற்கிறது. நடு அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் எதிரே அவர்கள் சுவர்தான். பிளானில் இருந்த சீல் வேறொரு இன்ஜினியருடையது, அவர் எங்கள் தெருவுக்கே வந்ததில்லை. பேங்க் பணத்தை நிறுத்திவிட்டது. அப்புறம் மாநகராட்சி நோட்டீஸும் வந்தது. அதற்குள் வாங்க வேண்டியதில் பெரும்பங்கை வாங்கிவிட்டிருந்த அந்த ஆள் போனையே எடுப்பதில்லை.

பிறகு உண்மையான ஆர்க்கிடெக்ட் ஒருவருக்கு ஃபீஸ் கொடுத்து வீட்டைக் காட்டினோம். டேப்பை எடுத்து முதலில் மாடிப்படியை அளந்தார். ஒரு படி ஏழு அங்குலம், அடுத்தது ஒன்பதரை. முட்டி வலியோடு இருக்கிற அம்மா தினமும் ஏற வேண்டிய படி அது. அடுத்து பீமின் அடியில் சிமெண்ட் பெயர்ந்த இடத்தைக் காட்டினார். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்ன சிமெண்ட் கட்டை) வைக்காமல் உடைந்த டைல்ஸ் துண்டுகளைச் செருகியிருக்கிறார்கள். கம்பியை மூடும் கான்கிரீட் போதுமான கனம் இல்லாவிட்டால், உப்புக் காற்றடிக்கும் நம் ஊரில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து வீங்கும், கான்கிரீட் பிளந்து விழும். பேஸ்மட்டத்தையும், அதாவது தரையின் உயரத்தையும், பழைய வீட்டு உயரத்திலேயே போட்டிருக்கிறார் அந்த ஆள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஏரியாவில் இப்படிச் செய்ய ஒருவருக்கு எப்படி மனசு வந்தது? என் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். அவர்களுடைய எண் 'சி.ஏ' என்று தொடங்கி, பதிவான வருடத்தோடு இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடினால் ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். பதிவு இல்லாதவர் வீட்டுக்கு பிளான் போடுவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை, அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கிறது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. நல்ல சிவில் இன்ஜினியர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. பொய்ப் பட்டத்தோடு வருகிறவரைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. பிளான் போடுகிறவரும் காண்ட்ராக்டரும் ஒரே ஆளாக இருந்தால், கம்பியும் சிமெண்டும் சரியாகப் போகிறதா என்று உங்கள் சார்பில் பார்க்க யாரும் இல்லை. மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு மூட்டையும் அவருக்கு லாபம். தனியாக ஃபீஸ் வாங்கும் ஆர்க்கிடெக்டுக்கு அந்த லாபத்தில் பங்கில்லை. எத்தனை முறை சைட்டுக்கு வருவார், கம்பி கட்டியதும் கான்கிரீட் போடும் முன் வந்து பார்ப்பாரா என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அரை கிரவுண்டில் வெளிச்சமும் காற்றும் வர வைப்பதுதான் கஷ்டமான வேலை. ஓடிஎஸ் (வெளிச்சம், காற்றுக்காக மேலே மூடாமல் விடும் திறந்தவெளி) எங்கே விடுவது, படிக்கட்டை எந்த மூலைக்குத் தள்ளுவது என்பதிலெல்லாம் அவர்களுடைய ஐந்து வருடப் படிப்பு தெரியும்.

மாநகராட்சி சீல் வைத்த பிளானின் ஒரு காப்பி உங்கள் கையில் இருக்கட்டும். சைட்டில் நடப்பது அதன்படிதானா என்று பார்த்த பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். பிரச்சினை ஏற்பட்ட இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாங்கள் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் சேர்த்து வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் உங்களிடம் இருக்கும் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.