லேடெக்கில் ஹெடர், ஃபுட்டர்: ஃபேன்சிஎச்டிஆர் பேக்கேஜ் நீண்டநாள் பயன்பாட்டில்

கட்டளைகள் எழுதி ஆவணத்தை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக்கில் ஹெடரும் (பக்கத்தின் தலைவரி) ஃபுட்டரும் (அடிவரி) அமைக்கப் பத்து வரி போதும். அந்தப் பத்து வரியும் முதல் மூன்று பக்கங்களில் அழகாக விழும். பிறகு அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் ஹெடர் காணாமல் போகும், முன்னுரையின் தலையில் பொருளடக்கத்தின் பெயர் நிற்கும், வெற்றுப் பக்கத்தில் பக்க எண் தனியாக உட்கார்ந்திருக்கும். ஹெடர், ஃபுட்டருக்கென்றே லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பான ஃபேன்சிஎச்டிஆர் பேக்கேஜைக் குறை சொல்லத் தோன்றும் இடங்கள் இவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை லேடெக்கின் அடிப்படை நடத்தையிலிருந்து வருபவை. பேக்கேஜ் அவற்றை மறைப்பதில்லை, அவ்வளவுதான்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறது. கோப்பில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் வரும்.

லேடெக் தானாகத் தரும் பக்க வகைகள் நான்கு: எம்ப்டி, பிளெய்ன், ஹெடிங்ஸ், மைஹெடிங்ஸ். எம்ப்டியில் எதுவும் இல்லை. பிளெய்னில் அடியில் நடுவே பக்க எண் மட்டும். மற்ற இரண்டிலும் மேலே தலைப்பும் எண்ணும் வரும், ஆனால் இடத்தையோ எழுத்துருவையோ மாற்ற உள்ளே கைவைத்தாக வேண்டும். ஃபேன்சிஎச்டிஆர் இவற்றோடு ஃபேன்சி என்று ஐந்தாவது வகையைச் சேர்க்கிறது. பக்கத்தின் மேலே மூன்று இடம், கீழே மூன்று இடம். ஒவ்வொன்றுக்கும் இரட்டைப்படைப் பக்கத்தில் ஒன்று, ஒற்றைப்படைப் பக்கத்தில் ஒன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு பெட்டிகள். எல், சி, ஆர் என்பவை இடம், நடு, வலம். ஈ இரட்டைப்படை, ஓ ஒற்றைப்படை. ஃபேன்சிஹெட் கட்டளைக்குச் சதுர அடைப்பில் "எல்ஈ, ஆர்ஓ" என்று கொடுத்து, சுருள் அடைப்பில் திபேஜ் என்று எழுதினால் பக்க எண் எப்போதும் வெளி ஓரத்தில் நிற்கும். இந்த எழுத்துமுறை ஒரு மணி நேரத்தில் கைக்குப் பழகிவிடும். பேக்கேஜின் மிகப் பெரிய நல்ல பகுதி இதுதான்.

பெட்டிகளைத் துடைக்க, முதல் வரியாக ஃபேன்சிஎச்எஃப் கட்டளையை வெற்றுச் சுருள் அடைப்போடு எழுதிவிட வேண்டும். பேக்கேஜ் தன் பங்குக்குச் சில பெட்டிகளை முன்பே நிரப்பி வைத்திருக்கும். மேலே சாய்வெழுத்தில் அத்தியாயப் பெயரும் பிரிவுப் பெயரும், கீழே நடுவில் எண்ணும் இருக்கும். துடைக்காமல் மேலே எண்ணைப் போட்டால் ஒரே பக்கத்தில் இரண்டு பக்க எண்கள் வரும். ஒருபக்க ஆவணத்தில் ஈ எழுத்தைப் பயன்படுத்தினால் அது பயனற்றது என்று லாக் கோப்பில் (ஒவ்வொரு ஓட்டத்தின் செய்திகளும் பதிவாகும் கோப்பு) எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைக் கண்டால் இருபக்க அச்சுக்கான டுசைட் விருப்பத்தைச் சேர்க்க மறந்துவிட்டோமா என்று முதலில் பார்க்கலாம்.

கோட்டின் கனத்தில் புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ஹெடருக்கு அடியில் வரும் கோடு இயல்பாக 0.4 புள்ளி (பாயிண்ட் என்ற அச்சு அளவு), ஃபுட்டருக்கு மேலே வருவது 0 புள்ளி. ஹெட்ரூல்வித் என்ற பெயரைப் பார்த்தால் அது நீள அளவு போலத் தெரியும். அதனால் செட்லெங்த் கொடுத்து மாற்றப் பார்ப்பார்கள். உண்மையில் அது ஒரு சாதாரணக் கட்டளை, 0.4 புள்ளி என்ற எழுத்துகளாக விரியும். செட்லெங்த் கொடுத்தால் அந்த எழுத்துகளை அச்சிட முயன்று, பிகின் டாக்குமென்ட் இல்லை என்று சம்பந்தமே இல்லாத பிழை வரும். கட்டளையை மறுபடி வரையறுக்கும் ரிநியூகமாண்ட் கொண்டுதான் மாற்ற வேண்டும்.

அடுத்து, எல்லோருடைய லாக் கோப்பிலும் கிடக்கும் அந்த எச்சரிக்கை: ஹெட்ஹைட் போதவில்லை. ஹெடருக்காக ஒதுக்கிய உயரம் வழக்கமான வகுப்புகளில் (புத்தகம், கட்டுரை போன்ற ஆவண வகைகள்) 12 புள்ளி. ஆவணம் 10 புள்ளி எழுத்தில் இருந்தால் வரி உயரமும் 12 தான், பிரச்சினை இல்லை. 11 புள்ளியில் வரி உயரம் 13.6, 12 புள்ளியில் 14.5. எனவே இந்த இரண்டிலும் எச்சரிக்கை வந்தே தீரும். நான்காம் பதிப்புக்கு முந்தைய பேக்கேஜ் எச்சரித்துவிட்டு, ஹெட்ஹைட்டைத் தானே கூட்டி மீதி ஆவணம் முழுவதும் அப்படியே வைத்துக்கொள்ளும். விளைவு, முதல் பக்கத்து உரை ஒரு உயரத்திலும் அடுத்த பக்கங்களின் உரை சற்றுக் கீழேயும் நிற்கும். ஒன்றரை, இரண்டரைப் புள்ளி வித்தியாசம் திரையில் தெரியாது. இரண்டு பக்கமும் அச்சிட்ட தாளை வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்க வரியும் பின்பக்க வரியும் பொருந்தாமல் தெரியும். புதிய பதிப்பு அளவைத் தானாக மாற்றுவதில்லை, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

12 புள்ளி ஆவணத்தில் சரியான தீர்வு ஹெட்ஹைட்டை 14.5 புள்ளியாக்கி, கூட்டிய 2.5 புள்ளியை மேல் ஓர அளவான டாப்மார்ஜினில் குறைப்பது. குறைக்காவிட்டால் உரைப்பகுதி முழுவதும் அந்த அளவு கீழே இறங்கும். பக்க அளவுகளை அமைக்கும் ஜியாமெட்ரி பேக்கேஜ் உபயோகிப்பவர்கள் ஹெட்ஹைட்டை அதன் விருப்பங்களிலேயே கொடுத்துவிடலாம். மேல் ஓரத்தையும் அங்கேயே கொடுத்திருந்தால் உரை நகராது, ஹெடர் மேல்நோக்கி வளரும். ஹெடரில் இரண்டு வரியோ சின்னமோ வைப்பதாக இருந்தால் கணக்குப் போடுவதைவிட, வேண்டுமென்றே சிறியதாக வைத்து ஒருமுறை ஓட்டி, லாக் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்வது சுலபம்.

வரிசையிலும் கவனம் வேண்டும். முதலில் ஜியாமெட்ரி, பிறகு பேஜ்ஸ்டைல் ஃபேன்சி, அதன் பிறகே, ஹெடரில் அத்தியாயப் பெயரும் பிரிவுப் பெயரும் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் சாப்டர்மார்க், செக்‌ஷன்மார்க் கட்டளைகளின் மாற்றங்கள். ஃபேன்சி வகை முதன்முறை அழைக்கப்படும்போது ஹெடரின் அகலத்தை அப்போதைய உரை அகலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மார்க் கட்டளைகளையும் தன் விருப்பப்படி எழுதிவிடுகிறது. அதற்கு முன் நாம் செய்த மாற்றம் எந்தச் சத்தமும் இல்லாமல் அழிந்துபோகும்.

இனி மார்க். இந்தப் பேக்கேஜோடு எத்தனை காலம் பழகினாலும் நேரத்தை விழுங்குவது இந்த இடம்தான்.

லேடெக்கின் அடியில் இயங்கும் டெக், ஒரு பக்கத்தை எப்போது முடிப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில், அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டிய உரையையும் கொஞ்சம் படித்துவிட்டிருக்கும். ஹெடர் உருவாவது பக்கம் வெளியேறும் அந்தக் கணத்தில். அதனால் ஹெடருக்குள் நேரடியாகப் பிரிவு எண்ணைக் கேட்டால், அடுத்த பக்கத்தில் தொடங்கும் பிரிவின் எண் இந்தப் பக்கத்தில் வந்து நிற்கலாம். பக்கத்தின் நடுவில் ஃபேன்சிஹெட்டை மாற்றினாலும் இதே கதை: பக்கம் இன்னும் வெளியேறவில்லை என்பதால் மாற்றம் இந்தப் பக்கத்தின் தலையிலேயே ஏறிவிடும். புதிய அமைப்பு அடுத்த பக்கத்திலிருந்து வேண்டுமென்றால் முன்னதாக, பக்கத்தை முடித்து வெளியேற்றும் கிளியர்பேஜ் கொடுத்தாக வேண்டும். பக்க எண் மட்டும் இதற்கு விலக்கு. அது வெளியேறும் கணத்தில்தான் மாறுகிறது, எனவே எப்போதும் சரியாக இருக்கும்.

இந்தச் சிக்கலுக்காகவே டெக்கில் மார்க் என்ற ஏற்பாடு இருக்கிறது. தலைப்பு வரும் இடத்தில், இடப்பகுதி, வலப்பகுதி என்று இரண்டு பகுதிகள் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உரையோடு ஒட்டிக்கொண்டு, அது எந்தப் பக்கத்துக்குப் போகிறதோ அந்தப் பக்கத்துக்கே போகும். லெஃப்ட்மார்க் அந்தப் பக்கத்தின் கடைசிக் குறியின் இடப்பகுதியைத் தரும். ரைட்மார்க் முதல் குறியின் வலப்பகுதியைத் தரும். பக்கத்தில் குறியே இல்லையென்றால் இரண்டும் முந்தைய பக்கத்தின் கடைசிக் குறியைத் தொடரும். பெயரைப் பார்த்து இடப்பக்கம், வலப்பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. புத்தக வகுப்பில் லெஃப்ட்மார்க் என்றால் அத்தியாயம், ரைட்மார்க் என்றால் பிரிவு என்று நினைவில் வைத்தால் போதும். ஒரே பக்கத்தில் 2.4, 2.5 இரண்டு பிரிவுகளும் தொடங்கினால் ஹெடரில் 2.4 வரும். அது பிழையல்ல.

அகராதி அச்சிடுபவர்களுக்கு இந்த வேறுபாடு வரம். ஒவ்வொரு சொல்லுக்கும் மார்க்போத் கட்டளையின் இரு பகுதியிலும் அதே சொல்லைக் கொடுத்தால், ரைட்மார்க் பக்கத்தின் முதல் சொல்லையும் லெஃப்ட்மார்க் கடைசிச் சொல்லையும் தரும். ஹெடரின் இடப் பெட்டியில் ரைட்மார்க்கும் வலப் பெட்டியில் லெஃப்ட்மார்க்கும் வைக்க வேண்டியிருக்கும். எழுதும்போது தலைகீழாகத் தெரிந்தாலும் சரியான அமைப்பு அதுதான். 2022 ஜூன் வெளியீட்டிலிருந்து லேடெக்கின் மையத்திலேயே புதிய மார்க் ஏற்பாடு வந்துவிட்டது. இரண்டு குறிகளோடு நிற்காமல் எத்தனை வகை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்கும் அகராதிக்கு அதையே பரிந்துரைக்கலாம்.

முன்னுரையின் தலையில் பொருளடக்கம் என்று வருவதற்கும் காரணம் மார்க்தான். எண் இல்லாத அத்தியாயத்துக்கான, நட்சத்திரம் போட்ட சாப்டர் கட்டளை குறி எதையும் இடாது, எனவே பழைய குறி தொடர்கிறது. அதற்கு அடுத்த வரியில் மார்க்போத் கொடுத்து இரண்டு பகுதியிலும் "முன்னுரை" என்று எழுத வேண்டும். முந்தைய வரியில் கொடுத்தால் குறி முந்தைய பக்கத்திலேயே தங்கிவிடும்.

நீண்ட தலைப்புகள் விஷயத்தில் பேக்கேஜின் மேல் உண்மையான குறை உண்டு. மூன்று பெட்டிகளும் ஒவ்வொன்றும் ஹெடரின் முழு அகலத்துக்கு அமைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்படுகின்றன. இடப் பெட்டி உரை நீண்டால் வலப் பெட்டி உரையின் மேலேயே ஏறி அச்சாகும். அகலம் மீறியதாக எந்த எச்சரிக்கையும் லாக்கில் இருக்காது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. தமிழ்த் தலைப்புகள் எளிதில் நீளும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். தலைப்புக் கட்டளையின் சதுர அடைப்பில் சுருக்கப் பெயர் கொடுக்கலாம், ஆனால் அது பொருளடக்கத்திலும் சுருங்கியே வரும். பொருளடக்கத்தில் முழுப்பெயரும் ஹெடரில் மட்டும் சுருக்கமும் வேண்டுமென்றால், அத்தியாயத்துக்குப் பின் சாப்டர்மார்க்கில் சுருக்கத்தைத் தனியாகக் கொடுத்தால் சரியாகிவிடும். பிரிவுகளுக்கு அது போதாது. செக்‌ஷன்மார்க்கைத் தலைப்பின் உள்ளே ஒருமுறையும் தலைப்புக்குப் பின் ஒருமுறையும் எழுத வேண்டும், பொருளடக்கப் பெயரைச் சதுர அடைப்பில் தனியே கொடுக்கவும் வேண்டும். அசிங்கமான ஏற்பாடுதான், ஆனால் வேலை செய்கிறது.

அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் ஹெடர் மறைவதற்குக் காரணம், சாப்டர் கட்டளை அந்தப் பக்கத்தை மட்டும் பிளெய்ன் வகைக்கு மாற்றிவிடுகிறது. பெரும்பாலான புத்தகங்களுக்கு இது நல்லதே, விட்டுவிடலாம். மாற்ற வேண்டுமென்றால் ஃபேன்சிபேஜ்ஸ்டைல் கொண்டு பிளெய்னையே மறுபடி எழுதலாம். கட்டுரை வகுப்பில், கட்டுரைத் தலைப்பை அச்சிடும் மேக்டைட்டிலும் இப்படித்தான். முதல் பக்க எண்ணை நீக்கத் திஸ்பேஜ்ஸ்டைல் எம்ப்டியை மேக்டைட்டிலுக்குப் பின்னால் எழுத வேண்டும், முன்னால் எழுதினால் அடுத்த கணமே அழிந்துவிடும். அத்தியாயங்களுக்கு இடையே வரும் வெற்றுப் பக்கத்தில் ஹெடர் நிற்பதைத் தடுக்க எம்ப்டிபேஜ் பேக்கேஜைச் சேர்த்தால் போதும்.

தமிழ் ஆவணங்களுக்கு இரண்டு குறிப்புகள். ஹெடரின் இயல்பான சாய்வெழுத்து பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இல்லை. அந்த வடிவம் இல்லை என்று எச்சரித்துவிட்டு லேடெக் நேரெழுத்தையே போடும். சாய்வைச் சொல்லாமல் எழுத்தளவை ஒரு படி குறைத்துக்கொள்வது நன்றாக இருக்கும். தலைப்பைப் பேரெழுத்தாக்கும் கட்டளை தமிழை ஒன்றும் செய்யாது, ஆனால் தலைப்பில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதை மட்டும் பேரெழுத்தாக்கி விகாரப்படுத்தும். லெஃப்ட்மார்க்கை நோஅப்பர்கேஸ் கட்டளைக்குள் வைத்தால் தீரும்.

"பக்கம் 3 / 40" வகைக்கு லாஸ்ட்பேஜ் பேக்கேஜ். முதல் ஓட்டத்தில் மொத்த எண் இருக்கும் இடத்தில் இரண்டு கேள்விக்குறி வரும், மறுபடி ஓட்டினால் நிரம்பும். அது தருவது கடைசிப் பக்கத்தின் எண்ணை மட்டுமே. முன்பகுதிக்கு ரோமன் எண் போட்டிருந்தால் மொத்தப் பக்கங்களாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

கோமாஸ்கிரிப்ட் வகுப்புகளில் இந்தப் பேக்கேஜைச் சேர்த்தால் அந்த வகுப்பே எச்சரிக்கும். அங்கே அதன் சொந்த ஸ்க்ர்லேயர் ஸ்க்ர்பேஜ் பொருத்தமானது. ஓரங்களை உள், வெளி என்று சொல்வதால் ஈ, ஓ குழப்பமும் இல்லை. மெமாயர் வகுப்பில் பக்க வகை உருவாக்கும் கட்டளைகள் உள்ளேயே இருக்கின்றன, சாப்டருக்கு இரண்டு சதுர அடைப்புகள் கொடுத்துப் பொருளடக்கத்துக்கு ஒரு பெயரும் ஹெடருக்கு இன்னொன்றும் வைக்கலாம். மேலே சொன்ன நீண்ட தலைப்புச் சர்க்கஸ் அங்கே தேவையில்லை. லேடெக்குக்கு மாற்றான டைப்ஸ்ட் மென்பொருளில் பக்க அமைப்பின் ஹெடர் என்ற இடத்தில் நிரல் போலவே எழுதலாம், "3 / 40" ஒரே வரியில் வந்துவிடும், மறுபடி ஓட்டும் வேலையும் கிடையாது. ஆனால் நடப்பு அத்தியாயப் பெயரை ஹெடரில் காட்ட, தலைப்புகளைத் தேடி எடுத்து எது இந்தப் பக்கத்துக்கு உரியது என்று நாமே எழுத வேண்டும். லேடெக்கில் லெஃப்ட்மார்க் என்ற ஒற்றைச் சொல் செய்வதை அங்கே நான்கைந்து வரிகள் செய்கின்றன.