ஆபரேஷன் சீட்டில் வரும் வெள்ளை ஸ்டாக்கிங்: வாங்கும் முன் டேப் எடுங்க

இடுப்பு, முட்டி மாற்று ஆபரேஷனுக்குக் கோவை, ஈரோடு ஆஸ்பத்திரிகளில் சேர்பவர்களின் சீட்டில் ஆன்டி எம்பாலிசம் ஸ்டாக்கிங் என்று ஒரு வரி இருக்கலாம். காலை இறுக்கிப் பிடித்து, உள்ளே ரத்தம் உறையாமல் காக்கும் நீள உறை அது. படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளாது. உள்சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணுக்காலில் 18 மி.மீ. பாதரச அழுத்தம், தொடையில் 8 என்று மேலே போகப்போகத் தளரும் பின்னல். திருப்பூர்க்காரரே ஆனாலும் கையால் இழுத்துப் பார்த்து இது தெரியாது, அட்டையில்தான் பார்க்க வேண்டும். வெரிகோஸுக்கான கிளாஸ் 2 ரகம் 23 முதல் 32 வரை இறுக்கும். "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று கடைக்காரர் அதை நீட்டினால் வாங்காதீங்க.

கோளாறு விற்கும் முறையில். மீடியமா, லார்ஜா என்று கேட்டுவிட்டுப் பொட்டலம் கட்டுவதை ஏற்காதீர்கள். கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், குதிகாலிலிருந்து முட்டி மடிப்பு வரை நீளம். தொடை வரைக்கும் என்றால் தொடைச் சுற்றளவும் வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியே அளக்கணும். ஆபரேஷனுக்குப் பின் கால் வீங்கினால் மறுபடியும் அளக்கணும். நீளம் மிஞ்சுகிறதென்று மேலே மடித்துவிட்டால், அந்த மடிப்பே கட்டுப்போல் இறுக்கி ரத்தத்தைத் தேக்கும்.

மாட்டும் முன் மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். பித்தவெடிப்பில் நூல் மாட்டும். எண்ணெய் தடவிய காலில் போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் கெடும். குதிகால் வரை உள்பக்கம் வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்துக் குதியைப் பொருத்தி, அப்புறம் மேலே இழுங்கள். விரல் பக்கத்து ஓட்டை கிழிசல் இல்லை, விரலின் நிறம் பார்க்க விட்டது. தைத்துவிடாதீர்கள்!

சர்க்கரையால் கால் மரத்தவர்கள், தமனி அடைப்பு உள்ளவர்கள், இதயக் கோளாறால் கால் வீங்கியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

ரத்தம் உறையாமல் தடுக்கப் போடும் ஹெபாரின் வகை ஊசிக்கு இது மாற்று இல்லை. திட்டமிட்ட ஆபரேஷன்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஊசி மட்டும் போட்டவர்களின் நிலை ஸ்டாக்கிங்கும் சேர்த்துப் போட்டவர்களைவிட மோசமாகவில்லை. டாக்டர் எழுதிய ஊசியை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பாதீர்கள்.

தினமும் ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டணும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால், வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தாலும், உடனே 108.