கொமினிகேஷன் கடையில் மூன்று காலை

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி, விடியத் திருகோணமலையில் இறங்கினேன். ஏழு ஆண்டுக்குப் பிறகு வருகிறேன். கையில் மூன்று வேலை இருந்தது: கோணேசர் கோயிலில் ஒரு அர்ச்சனை, என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குப் புதிய பிரதி, சின்னம்மாவின் வங்கிக் கணக்கு. அர்ச்சனை அன்று காலையே முடிந்தது. மற்ற இரண்டையும் விவரமாக எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற பலருக்கும் இதே வேலைகள்தான் இருக்கும்.

பத்திரத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று டொரொண்டோவிலேயே தெரியும். அங்கிருந்து முயன்றேன், பாதியில் நின்றுவிட்டது. சின்னம்மா சொன்னார், "ஏன் மகன் மண்டையை உடைக்கிறாய், கொமினிகேஷனுக்குப் போ." மத்திய வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அந்தக் கடையை எனக்கு 30 ஆண்டாகத் தெரியும்.

90களில் வீட்டுக்கு டெலிபோன் லைன் கேட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போது எங்கள் ஒழுங்கைக்கே அந்தக் கடைதான் டெலிபோன். நான் கனடாவிலிருந்து எடுப்பேன். முதலாளி, "பத்து நிமிசம் கழிச்சு எடுங்கோ தம்பி" என்று வைத்துவிடுவார். கடைப் பொடியன் சைக்கிளில் போய் அம்மாவைக் கூட்டிவருவான். கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கூண்டு, உள்ளே ஒரு முக்காலி, வெளியே சிவப்பு இலக்கத்தில் ஓடும் மீட்டர். அம்மா அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அதனால் எப்போதும் அவசரமாகத்தான் பேசுவார்.

கூண்டு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. உள்ளே போட்டோக்கொப்பித் தாள் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பொடியன்தான் இப்போது முதலாளி. எல்லோரிடமும் கைப்பேசி வந்த பிறகு கடை படுத்துவிட்டிருக்க வேண்டும். ஆனால் நான் போன மூன்று காலையும் வாசல்வரை ஆட்கள். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், லமினேட் எல்லாம் உண்டு. ஆனாலும் பாதிப் பேர் வருவது இணையப் படிவம் நிரப்பத்தான்.

எனக்கு முன்னால் ஒரு ஐயா நின்றார். கையில் நல்ல கைப்பேசி. அதில் வந்த குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். அது சிங்களத்தில் இருந்தது. முதலாளி வாங்கி வாசித்து, தமிழில் விளக்கி, எந்தத் திகதிக்குள் எங்கே போக வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. முன்பு கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக, வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு பெட்டிஷன் எழுதுபவர்கள் இருப்பார்கள். கடிதம் வாசிக்கத் தெரியாதவர்கள் தபால்காரரிடமே வாசித்துத் தரச்சொல்லிக் கேட்பார்கள். அந்த இரண்டு வேலையும் இப்போது இந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு முதியவருக்குச் சிங்களத்தில் அனுப்பிவிட்டு, தகவல் கொடுத்தாயிற்று என்று இருப்பது சரியில்லை. அந்த இடைவெளியை ஒரு கடைக்காரர் தன் நேரத்தைச் செலவழித்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

என் விண்ணப்பம் 20 நிமிடத்தில் முடிந்தது. பழைய பத்திரத்தில் உள்ள பதிவு இலக்கத்தை நான் ஓர் எழுத்துத் தவறி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டார். போகிறவர்கள் பழைய பிரதி எவ்வளவு கிழிந்திருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள்.

வங்கி விசயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. எந்த வங்கி என்று எழுதப்போவதில்லை. கணக்கைக் கைப்பேசியில் பார்க்க ஒரு முறை மட்டும் பயன்படும் இலக்கம் வர வேண்டும். அது சின்னம்மாவின் பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண் செத்து நான்கு வருடம். எண்ணை மாற்றுவதற்கும் அதே எண்ணுக்கு வரும் இலக்கம் வேண்டுமாம். சரி என்று நேரில் போனோம். 78 வயது மனுசியை டோக்கன் எடுத்து இரண்டு மணித்தியாலம் உட்கார வைத்து, நாளை வரச் சொன்னார்கள். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் வேறொரு அலுவலர், "அம்மா, பழைய சேமிப்புப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டார். சின்னம்மா கைப்பையிலிருந்து எடுத்தார். ஓரம் கறுத்த புத்தகம், உள்ளே அவருடைய கையெழுத்து. அவர் அதை வைத்து ஒப்பிட்டு, அடையாள அட்டையையும் பார்த்து, பத்து நிமிடத்தில் எண்ணை மாற்றிக் கொடுத்தார். செயலி நல்லதுதான், இப்போது நான் கனடாவிலிருந்தே மீதியைப் பார்க்கிறேன். ஆனால் செயலி வந்துவிட்டது என்று சேமிப்புப் புத்தகத்தை எறியச் சொல்லும் ஊழியர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இதற்கிடையில் ஒரு பின்னேரம் கிண்ணியாவுக்குப் போனேன். ஓட்டோக்காரத் தம்பி முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு கியூஆர் தாளைக் காட்டினார். வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீடு வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். அடுத்த ஆண்டு பங்கீட்டை எடுத்துவிட்டார்கள், தாளை அவர் கிழிக்கவில்லை. சின்னம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது: கூப்பன். ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட 1942ஆம் ஆண்டில் வந்த அரிசிப் பங்கீடு, 70களின் கடைசிவரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. சின்னம்மா கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசையில் நின்று வளர்ந்தவர். "அதே வரிசைதான், தாள்தான் வேற" என்றார்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் துறையடியில் நின்று பாதைக்குக் காத்திருப்போம். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அந்தக் காத்திருப்பில் கச்சான் வாங்கித் தின்றது, தெரிந்தவர்களைக் கண்டது எல்லாம் இனிய நினைவுதான். ஆனாலும் நோயாளியோடு இரவில் அந்தக் கரையில் நின்றவர்கள் யாரும் பாதை திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் நடந்ததையும் மறக்க முடியாது. அங்கிருந்த வேறொரு பழைய பாலத்துக்குப் பதில் புதியது கட்டிக்கொண்டிருந்த காலம், இடைக்கால வழியாக ஒரு மிதவை ஓடியது. அது கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பழையது போய்ப் புதியது வந்து சேராத அந்த இடைக்காலத்தில்தான் சனம் அதிகம் அல்லற்படுகிறது. வங்கியில் நான் கண்டதும் அதன் சிறிய வடிவம்தான்.

புறப்படுவதற்கு முதல்நாள் சின்னம்மா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் தந்தார். அம்மாவின் சாமான்கள். அதற்குள் ஒரு கசெட், மேலே என் கையெழுத்தில் 1996. அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். வீட்டில் கசெட் போடும் கருவி இல்லை. மறுபடி கொமினிகேஷனுக்குத்தான் போனேன். முதலாளி மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய ரேடியோவை எடுத்தார். இப்படிப் பலர் கொண்டுவருகிறார்களாம். நாடாவை ஒரு பென்சிலால் இறுக்கிச் சுற்றி, போட்டு, வயரைக் கணினியில் செருகினார்.

இளம் குரல். பனியைப் பற்றி, வேலையைப் பற்றி, வாங்கிய சப்பாத்தைப் பற்றிப் பேசுகிறேன். அப்புறம்: "அம்மா, வாற மாசம் முதல் ஞாயிறு காலமை 7 மணிக்குக் கடையில வந்து நில்லுங்கோ. நான் எடுக்கிறன்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "அண்ணை, அண்டைக்கு அம்மா ஆறரைக்கே வந்திட்டா. நான் அப்பதான் கடை திறக்கிறன்."

பதிந்ததை வட்ஸ்அப்பில் என் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். கசெட்டைத் திரும்ப டின்னுக்குள் வைத்துச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.