கியர்பாக்ஸ் இறங்கியபோது மாற்றியவையும் விட்டவையும்: கணபதியில் ஒரு கிளட்ச் வேலை

கோவை கணபதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே இயங்கும் ஒரு சிறிய கார் பட்டறையில் எங்கள் பெட்ரோல் வேகன் ஆர் காருக்குக் கிளட்ச் வேலை பார்த்தோம். வால்பாறைக்கு அடிக்கடி போய்வரும் வண்டி அது. ஆழியாற்றுக்கு மேலே உள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் வழுக்கி, இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி, வேகம் கூடாமல் போனது.

இந்த வேலையில் கூலியின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. ஆகவே, இறக்கிய பிறகு எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதில்தான் மெக்கானிக்கின் தரம் தெரியும். இந்தப் பட்டறைக்காரர் கழற்றியவற்றைச் சாக்கின் மேல் பரப்பி, எங்களை அழைத்துக் காட்டிய பின்னரே உதிரிபாகம் வாங்க ஆள் அனுப்பினார். கிளட்ச் பிளேட்டில் உராய்ந்து பிடிக்கும் அடுக்கான லைனிங், அதைப் பிணைக்கும் ரிவெட் தலையளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங் நுனிகளில் பேரிங் உராய்ந்த பள்ளம் விழுந்திருந்தது. பெடலை மிதிக்கும்போது அந்த விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங் கையால் சுற்றும்போதே கரகரத்தது. “பிளேட்டை மட்டும் மாத்துனாலும் ஓடுமுங்க. அப்பறம் பேரிங் கத்துச்சுன்னா மறுபடியும் இதே கூலிதானுங்க” என்றார். மூன்றையும் ஒரே செட்டாக மாற்றச் சொன்னோம்.

எனக்கு அதிக நிறைவளித்தது ஆயில் சீல் விஷயம். இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பின்னால், இன்ஜின் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் கிராங்க் சீலில் ஒழுக்கு இல்லை, ஈரக்கசிவு மட்டுமே இருந்தது. ஆனாலும் அந்தக் கசிவு நாளடைவில் புதிய லைனிங்கில் ஏறினால் கிளட்ச் மீண்டும் வழுக்கும் என்பதால், சில நூறு ரூபாய்ப் பொருளான அதையும் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீலையும் மாற்றினார். ஃப்ளைவீலில் சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தபோது புதிதாக வாங்கச் சொல்லாமல், பக்கத்து லேத்தில் முகத்தைச் சீராகக் கிரைண்டிங் செய்து வாங்கினார். கணபதியில் பட்டறை இருப்பதன் அருமை அதுதான். (இரு பகுதிகளை ஸ்பிரிங்கால் இணைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் கார்களுக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது.)

கிளட்ச் கேபிளை அவர் மாற்றவில்லை. இழைகள் பிரியாமல் இருந்தன. மேலும், அதைப் பின்னாளில் கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றிக்கொள்ளலாம். விற்பனைக்காக உதிரிபாகத்தைத் திணிக்காத இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பொருத்தும் முறையும் ஒழுங்காக இருந்தது. உள்ளே கிரீஸ் அடைத்து மூடப்பட்டு வரும் புதிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவவில்லை. பிளேட்டை மையப்படுத்தும் கருவியை வைத்து, பிரஷர் பிளேட் போல்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினார். சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றும்போது வடித்த கியர் ஆயிலுக்குப் பதிலாகப் புதியதையே ஊற்றினார். இப்போது முதல் கியரில் வண்டி உதறாமல் கிளம்புகிறது, பெடலும் இலேசாகிவிட்டது.

குறை ஒன்று உண்டு. மதிப்பீட்டை வாய்மொழியாகவே சொன்னதால், லேத்துக் கூலியும் கியர் ஆயில் விலையும் பில்லில்தான் எங்களுக்குத் தெரியவந்தன. தொகை நியாயமானதே, எனினும் வண்டியை விடுபவர்கள் இவ்விரண்டையும் சேர்த்து முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பழைய உறுப்புகளைக் கேட்காமலே ஒரு பையில் போட்டுத் திருப்பித் தருகிறார்கள்.