கிடைத்ததில் சந்தோஷமா, கர்த்தரில் சந்தோஷமா?

கேட்டது கிடைத்ததும் வரும் சந்தோஷத்தை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வேதாகமத்தில் உபாகமம் 16-ஆம் அதிகாரம் அறுவடைப் பண்டிகையில் பிள்ளைகள், வேலைக்காரர், பரதேசி, விதவை எல்லாரோடும் சேர்ந்து சந்தோஷப்படச் சொல்கிறது. அதுவும் தேவன் தந்ததுதான். ஆனால் விளைச்சல் பொய்த்தால் அந்தச் சந்தோஷமும் போய்விடும்.

கர்த்தருக்குள் மகிழ்வது வேறு. அத்திமரம் துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் மகிழ்வேன் என்கிறார் ஆபகூக் தீர்க்கதரிசி (3:17-18). அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபையாருக்குச் சந்தோஷமாயிருங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதியது சிறையிலிருந்து. லூக்கா 10-இல் இயேசு ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர், பிசாசுகள்கூட எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று குதூகலமாகத் திரும்பி வந்தபோது, அதற்காக அல்ல, உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு. ஊழியத்தில் கிடைத்த வெற்றியைக்கூட அவர் முதலில் வைக்கவில்லை, கவனியுங்கள்.

சரி, இரண்டாவதுதான் பெரிது என்றால் அழக்கூடாதா? யார் சொன்னது? 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, நண்பன் லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார். துக்கத்தில் இருப்பவரிடம் போய், விசுவாசி என்றால் சிரித்துக்கொண்டே இருக்கணும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ரோமர் 12:15 அழுகிறவர்களோடு அழவும் சொல்கிறது.